வானத்தில் ஒரு ‘நான்’

வண்டியின் ஹாரன் அலறியது. முதலில் குட்டியாக ஒன்று, நீளமாக ஒன்று. பிறகு நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. திரும்பவும் அதே நீளம், அதே குட்டி. கடைசியில் குட்டி குட்டியாக இரண்டு.

முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் பதறிப்போய் நடைபாதையில் ஏறிவிட்டார்.

“இப்ப எதுக்கு ஊரைக் கூட்டறே?” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணி.

“உங்களைத்தான் கூப்பிட்டேன். ஏ, என், என், ஐ. அண்ணி!”

“நான் உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்?”

“அதனால என்ன? பயிற்சி வேணாமா?”

வண்டி ஓட்டும் இவனுக்கு லொடுக்கு என்று ஏன் பெயர் வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டை வண்டியின் சக்கரம்கூட மேடு பள்ளத்தில்தான் சத்தம் போடும். இவன் வாய் சமதரையிலும் போடும். சலவைக் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் அண்ணி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் அண்ணிதான் மூளை. கொழுந்தன் லொடுக்கு கை, கால், வண்டி, முக்கியமாக வாய். இருவருக்கும் சேர்த்து வீட்டில் சமைத்துப் போடுகிறவன் லொடுக்குவின் அண்ணன். வீட்டில் தொலைந்ததை அவன் கண்டுபிடிப்பான், ஊரில் தொலைந்ததை இவள் கண்டுபிடிப்பாள் என்பது அந்தக் குடும்பத்து ஏற்பாடு.

இந்தக் கேஸ் வந்த அன்றே, “போய் மோர்ஸ் கத்துக்கிட்டு வா” என்று அண்ணி சொல்லிவிட்டாள். தந்திச் சத்தத்தால் எழுத்தைச் சொல்லும் முறை அது. குட்டிச் சத்தமான புள்ளிக்கு ‘டி’ என்றும் நீளச் சத்தமான கோட்டுக்கு ‘டா’ என்றும் பெயர். டி-டா என்றால் ஏ. டா-டி என்றால் என். ஆங்கில எழுத்துகள்தாம், ஆனால் போனில் நாம் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோமே, அதைப்போல இந்தக் கேஸில் வரும் ரேடியோ ஆட்களும் தமிழைத் தட்டிக்கொள்வார்கள். லொடுக்கு இதுவரை கற்றது ஒரு கைப்பிடி எழுத்து. பிடித்த பைத்தியமோ ஒரு மூட்டை.

“அண்ணி, ராத்திரி பூரா நம்ம வீட்டுக் குழாய் ‘டி, டி, டி’ன்னு சொட்டுது. ஒரு டின்னா ஆங்கிலத்துல ஈ. ஈ, ஈ, ஈ!”

“குழாய் உன்னைப் பாத்து இளிக்குதுன்னு அர்த்தம்.”

“அதோ அந்தச் சுவத்தைப் பாருங்க! நீளம், குட்டி, குட்டி, நீளம்…”

“அது செங்கல்.”

“நீங்க எல்லாத்தையும் இப்படித்தான் சொல்வீங்க. ஒருநாள் நிஜமாவே ஒண்ணு அகப்படும், அப்ப பாருங்க.”

அண்ணி குடையின் கைப்பிடியால் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வெயிலோ மழையோ, அந்தக் குடை அவள் கையைவிட்டு இறங்காது. “டா” என்றாள். “இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சாலையைப் பாத்து ஓட்டு.”

கேஸ் இதுதான். வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து, முறையாக உரிமம் வாங்கி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு வானத்தில் அரட்டை அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம். அந்தச் சங்கத்தில் ஒருவர் நம் பேக்கரிக்காரர். சில வாரங்களாகப் பிற்பகல் தோறும் சங்கத்தின் அலைவரிசையில் யாரோ மோர்ஸ் தட்டுகிறார்கள். வருவது ஒரே ஒரு சொல். ‘நான்.’ அதையே திரும்பத் திரும்ப: நான், நான், நான்.

இன்னார் பேசுகிறேன் என்று தன் அடையாள எண்ணைச் சொல்லாமல் வானத்தில் வாய் திறப்பது அவர்கள் உலகத்தில் பெரிய குற்றம். அலை எங்கிருந்து வருகிறது என்று திசை பார்த்தார்கள். நேராகப் பேக்கரியின் மொட்டைமாடிக் கம்பியைக் காட்டியது. அந்த நேரத்தில் பேக்கரிக்காரரோ சங்கத்து அறையில், எல்லோர் கண்ணெதிரிலும், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறார். ‘வீட்டில் ஏதோ மெஷின் பொருத்திவைத்துத் தன் பெருமையைத் தானே ஊதிக்கொள்கிறான்’ என்று சங்கம் முடிவு கட்டிவிட்டது. இன்று சாயங்காலம் கூட்டம். அதற்குள் நிஜக் குற்றவாளியைக் காட்டாவிட்டால் உரிம அலுவலகத்துக்குப் புகார் போகும், பேக்கரிக்காரரின் உரிமம் பறிபோகும்.

“அந்த ரேடியோ போச்சுன்னா நான் வெறும் ரொட்டிதாம்மா” என்று அந்தப் பெரிய உருவம் அண்ணியின் மேஜைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுததை லொடுக்கு பார்த்திருக்கிறான். அதன்பிறகு அவனால் அந்தக் கேஸில் முழுதாகக் கிண்டல் செய்ய முடியவில்லை. முக்கால்வாசிதான் முடிந்தது.

*

சங்கத்து அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மாடியில் இருந்தது. சங்கத் தலைவர்தான் கீழே பல் டாக்டர். வெள்ளைக் கோட்டோடு மேலே வந்தவர், லொடுக்குவைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முகவாயைப் பிடிக்கப் போனார்.

“பல்லு நல்லா இருக்கு சார். வாய்தான் சரியில்லைன்னு வீட்டுல சொல்வாங்க.”

“அந்த பேக்கரிக்காரன் வாயைவிடவா?” என்றார் டாக்டர். “வாயைத் திறந்தா ‘நான்’. நான் பேசாத நாடு இல்ல, நான் பிடிக்காத அலை இல்ல. அவன் சொல்றதைக் கேக்கறதுக்குப் பதிலா மயக்க ஊசி இல்லாம பல்லைப் பிடுங்கிக்கலாம். இப்ப வாயால சொன்னது போதாதுன்னு வானத்துல வேற!”

பதிவு செய்து வைத்திருந்ததை ஓடவிட்டார். முதலில் கர்ர்ர் என்று ஓர் உறுமல். அது சட்டென்று நின்றது. கொஞ்சம் அமைதி. பிறகு வந்தது: டாடி, டிடா, டிடா, டாடி.

லொடுக்கு விரல் விட்டு எழுத்துக் கூட்டினான். “என்… ஏ… ஏ… என். நான்! அண்ணி, நானே படிச்சிட்டேன் ‘நான்’னு!”

மறுபடி ஒரு ‘நான்’. இன்னொரு ‘நான்’. பிறகு திரும்பவும் கர்ர்ர்.

“புள்ளியும் கோடும் கத்தரிச்ச மாதிரி ஒரே அளவு” என்றார் டாக்டர். “மெஷின்தான். சந்தேகமே இல்ல.”

“உங்க எல்லாருக்குமே அப்படித்தானே வரும்?” என்று அண்ணி மேஜையின்மேல் இருந்த சின்னக் கருவியைக் குடையால் காட்டினாள். மோர்ஸ் தட்டும் இரட்டைக் கீ அது. இரண்டு மெல்லிய தகடுகள், இரண்டு விரல்களுக்கு நடுவே நிற்கும். கட்டை விரலால் ஒரு பக்கம் அமுக்கினால் புள்ளி, ஆள்காட்டி விரலால் மறுபக்கம் அமுக்கினால் கோடு. அளவைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

“அது… ஆமா. அளவு கருவி போடறது.”

“அப்ப நடுவுல இருக்கற இடைவெளி?”

“அது தட்டறவங்க கையில.”

“இன்னொரு தடவை போடுங்க.” அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். “கேளுங்க. முதல் நானுக்கும் ரெண்டாவது நானுக்கும் நடுவுல மூச்சு வாங்குது. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ரொம்ப நேரம் நிக்குது, யாராவது வராங்களான்னு படிக்கட்டைப் பாக்கற மாதிரி. டாக்டர், மெஷின் படிக்கட்டைப் பாக்குமா?”

டாக்டர் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

“அந்த உறுமல் என்னது?”

“அதுவா? பேக்கரியில கிரீம் அடிக்கிற மெஷின். அது ஓடினா இந்தத் தெருவுல இருக்கற ரேடியோ எல்லாம் உறுமும். பழகிப்போச்சு. எங்களுக்குக் காதுல விழறதே இல்ல.”

“பழகினது எதுவும் காதுல விழாது” என்றாள் அண்ணி.

அதற்குள் லொடுக்கு கீயில் கை வைத்துவிட்டான். டாக்டருக்கும் புது ஆளைக் கண்டால் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது. “கட்டை விரல் புள்ளி, ஆள்காட்டி விரல் கோடு. இதை மந்திரம் மாதிரி வச்சுக்க. அப்புறம், எழுத்தெல்லாம் காதால கத்துக்கணும். புதுசா வரவங்க எல்லாரும் அட்டையில இருக்கற புள்ளியையும் கோட்டையும் பாத்து மனப்பாடம் பண்றாங்க. அப்படிக் கத்துக்கிட்டா கண்ணுக்கு மோர்ஸ் வரும், காதுக்கு வராது. தப்பாத் தட்டினாக்கூடத் தப்புன்னு தெரியாது. நீ எப்படிக் கத்துக்கறே?”

“காதாலதான் சார்” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த அட்டையை உள்ளே அமுக்கினான் லொடுக்கு.

*

பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பேக்கரிக்காரரின் தங்கை நின்றிருந்தாள். அங்கே விற்கிற கேக்குகளுக்கெல்லாம் பூவும் இலையும் எழுத்தும் அவள் கைவண்ணம். கிரீம் நிரப்பிய கூம்பை இடது கையில் பிடித்து, ஒரு கேக்கின்மேல் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி முடித்தவள், நிமிர்ந்து இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கிரீம் அடிக்கும் மெஷின் கர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை நினைத்துப் பயந்து இன்று சங்கத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த பேக்கரிக்காரர் உள்ளிருந்து வந்தார். கழுத்தில் ஹெட்போன், மாலை மாதிரி.

“வாங்கம்மா வாங்க. நான் காலையிலேர்ந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன். நான் நேத்து தூங்கவே இல்ல. நான்…”

“டீ குடிக்கிறீங்களா?” என்று தங்கை அண்ணியைக் கேட்டாள். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, “ஏ மெஷினு, அங்க நிக்கிற பெரிய மனுஷருக்கும் வேணுமான்னு கேளு” என்றாள்.

மெஷின் உறுமியது. பெரிய மனுஷர் அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார்.

படியில் அண்ணி மெல்லக் கேட்டாள்: “உங்க தங்கச்சி உங்ககூடப் பேசறதில்லையா?”

பேக்கரிக்காரர் நின்றார். “பேசறதில்லையா? எப்பலேர்ந்து?”

அவர் நிஜமாகவேதான் கேட்டார்.

“இங்க உங்களுக்குக் கூட்டம், உரிமம்னு ஒரு சிக்கல் இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?”

“நான் ஏன் சொல்லணும்? நான் தலை குனிஞ்சு நிக்கறதை அவ பாக்கணுமா?”

மாடி அறையின் கதவுக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாளும் ஆடியது. உள்ளே ஒரு மேஜை, ரேடியோ செட், இரட்டைக் கீ, உலகப் படம். சுவரில் மோர்ஸ் அட்டை. அட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தீற்றல். லொடுக்கு முகர்ந்து பார்த்தான். நாக்கை நீட்டினான்.

“சுவரை நக்காதே” என்றாள் அண்ணி.

“தடயம் அண்ணி! கிரீம்!”

“இந்த ரூமுல நான்தான் வருவேன்” என்றார் பேக்கரிக்காரர். “நானும் எலியும். தினமும் நான் திரும்பி வந்து பாத்தா செட்டோட சத்தக் குமிழ் சைபர்ல இருக்கும். எலிதான் திருப்பிடுது.”

“சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குமிழைத் திருப்பற எலியா?” என்றான் லொடுக்கு. “எங்க வீட்டு எலிக்கு இந்த நாகரிகத்தைக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க சார்.” பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டான். “அண்ணி, கேஸ் முடிஞ்சுது. சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“கிரீம் மெஷின் நிக்குது, நான் வருது. நான் நிக்குது, மெஷின் ஓடுது. அப்ப மெஷினை நிறுத்தற கையும் இங்க தட்டற கையும் ஒரே கை. அட்டையில கிரீம். குமிழ் சைபர். எலி கீழ டீ போடுது. இவரோட தங்கச்சி!”

“அவளா!” பேக்கரிக்காரர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “அவளுக்கு ஒரு எழுத்து தெரியாதே! கத்துத் தரச் சொல்லிக் கேட்டா. நான் சிரிச்சேன். இது கிரீம் பூசற வேலை இல்லம்மான்னேன்.”

“அந்தக் கோவம்தான் சார். நீங்க எப்பப் பாத்தாலும் நான் நான்னு சொல்றதை நக்கல் பண்ணி, ஊருக்கே ஒலிபரப்பிட்டாங்க.”

பேக்கரிக்காரரின் முகம் அடுப்பு வாய் மாதிரிச் சிவந்தது. “என்னையா? சொந்த அண்ணனையா? நான் இன்னிக்கே கூட்டத்துல அவ பேரைச் சொல்றேன். உரிமம் இல்லாம தட்டினவளுக்கு ஜன்மத்துக்கும் உரிமம் கிடைக்காது. பாத்துக்கட்டும்!”

“இருங்க” என்றாள் அண்ணி. குடையை மேஜைமேல் வைத்தாள். அவள் குடையைக் கீழே வைப்பது அபூர்வம். “லொடுக்கு சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதி எனக்கு உதைக்குது. நக்கல் பண்றவ எதுக்குத் தயங்கித் தயங்கித் தட்டணும்? நக்கல்ல ஒரு துள்ளல் இருக்கும். இதுல கெஞ்சல் இருக்கு.”

லொடுக்குவால் பேசாமல் இருக்க முடியாதல்லவா? ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேக்.

“இது யாருக்கு சார்?”

“எனக்குத்தான். தினமும் ஒண்ணு வச்சிட்டுப் போவா. நான் வந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டே வாயில போட்டுப்பேன். மேல என்ன இருக்குன்னுகூடப் பாத்ததில்ல. இன்னிக்கு எனக்கு இறங்காது, நீ சாப்பிடு.”

லொடுக்கு கையில் எடுத்தான். ‘வாழ்த்துகள்’ என்று அழகான எழுத்து. அதன் அடியில் அடிக்கோடு போட்ட மாதிரி ஒரு வரிசை: குட்டிப் பொட்டு, நீளக் கோடு, நீளக் கோடு, குட்டிப் பொட்டு…

“அண்ணி! கேக்குல ‘அண்ணா’ன்னு எழுதியிருக்கு!”

“காலையில செங்கல்லுலயும் எழுதியிருந்துது.”

“சொன்னா யார் நம்பறாங்க” என்று கேக்கை ஒரு கடி கடித்தான். வலது கையில் கேக். சும்மா இருந்தது இடது கை. அது போய் இரட்டைக் கீயில் உட்கார்ந்தது. “சார், இதை வானத்துல போகாம ரூமுக்குள்ள மட்டும் கேக்கற மாதிரி வைங்களேன். அண்ணியை ஒரு தடவை கூப்பிட்டுக்கறேன்.”

பேக்கரிக்காரர் வேண்டாவெறுப்பாக ஒரு பொத்தானை அமுக்கி, சத்தக் குமிழைத் திருப்பினார். லொடுக்கு மந்திரத்தை முணுமுணுத்தான்: கட்டை விரல் புள்ளி, ஆள்காட்டி விரல் கோடு. ஏ, என், என், ஐ. அழகாகத் தட்டினான்.

செட் பாடியது: டாடி, டிடா, டிடா, டாடா.

“என்னது இது? நான் ‘அண்ணி’ன்னு தட்டினேன், இது ‘நாம்’னு கத்துது! செட்டு ரிப்பேர் சார்.”

“ரிப்பேர் உன் கையில!” என்று பேக்கரிக்காரர் சீறினார். “இடது கையாலயா தட்டுவாங்க? கை மாறினா கட்டை விரல் கோட்டுப் பக்கம் போயிடுதில்ல? புள்ளி எல்லாம் கோடாகும், கோடெல்லாம் புள்ளியாகும். இதுகூடத் தெரியாம…”

“திரும்பச் சொல்லுங்க” என்றாள் அண்ணி.

“புள்ளி எல்லாம் கோடாகும்…”

“லொடுக்கு, அந்தக் கேக்கைக் காட்டு.”

லொடுக்கு விழித்தான். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. கஷ்டப்பட்டு விழுங்கினான். “அது இப்ப கேஸுக்குள்ள இல்ல அண்ணி. எனக்குள்ள இருக்கு.”

“அதுல என்ன எழுதியிருந்துது?”

“செங்கல்னு சொன்னீங்களே…”

“லொடுக்கு!”

“அண்ணா. ஏ, என், என், ஏ. சத்தியமா. புள்ளி கோடு, கோடு புள்ளி, கோடு புள்ளி, புள்ளி கோடு.”

“அதை அப்படியே தட்டு. அதே இடது கையால. கட்டை விரல் புள்ளி, ஆள்காட்டி விரல் கோடு.”

லொடுக்கு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு தட்டினான். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக.

டாடி.

டிடா.

டிடா.

டாடி.

கேட்டுக்கொண்டிருக்கிற கண்ணுகளா, அந்தச் சின்ன அறையில் அப்போது ஊசி விழுந்திருந்தால் அதுவும் மோர்ஸாகத்தான் கேட்டிருக்கும். ‘அண்ணா’ என்று தட்டிய கைக்கு ரேடியோ ‘நான்’ என்று கத்தியது.

“அட்டையைப் பாத்துக் கண்ணால கத்துக்கிட்டா” என்றாள் அண்ணி மெதுவாக. “அதனாலதான் கேக்குல தப்பே இல்ல. கீழ யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு சத்தத்தைச் சைபர்ல வச்சுத் தட்டினா. அதனாலதான் கை தலைகீழாப் போறது அவளுக்கே தெரியல. உங்களை நக்கல் பண்ணலைங்க. இத்தனை நாளா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா.”

பேக்கரிக்காரர் கீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் தினமும் தின்னேன்” என்றார். “அவ எழுதினதை எல்லாம் நான் தின்னேன்.”

“செவிடன் காதுல ஊதின சங்குன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார்” என்றான் லொடுக்கு. “ஊதினது சங்கு இல்ல, கேக்குங்கறது இதான் முதல் தடவை.”

வாசலில் தட்டும் டம்ளர்களும் கிணுகிணுத்தன. டீயோடு தங்கை நின்றிருந்தாள். கீழே மெஷின் ஓயவில்லை. செட்டின் சத்தம் கேட்டு ஓடி வந்தவள் அண்ணி சொன்னதையும் கேட்டிருக்கிறாள்.

“யாரு தட்டினது?” என்று கேட்டாள். “அது… நான் தட்டறது இப்படியா கேக்கும்?”

“இப்படித்தாம்மா கேக்குது” என்றாள் அண்ணி. “ஊர் பூரா ‘நான்’னு கேட்டுச்சு. உங்க அண்ணன்தான் பெருமை அடிச்சுக்கறார்னு சங்கத்துல சாயங்காலம் கூட்டம் போட்டிருக்காங்க. உரிமம் போற நிலைமை.”

தங்கையின் கையில் தட்டு சாய்ந்தது. லொடுக்கு தாவிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டான். அவன் அக்கறை தங்கைமேலா டீமேலா என்பதை நாம் கேட்க வேண்டாம். அவள் முதல்முறையாக அண்ணனை நேராகப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமாத் தெரியாது.”

“என்கிட்ட வந்து பேசியிருக்கலாமேம்மா.”

“எங்க பேசறது? கடையில பேசினா ஹெட்போன். சாப்பிடும்போது பேசினா ஹெட்போன். நீ அதைக் கழட்டினாத்தானே நான் பேச? அதான் அதுக்குள்ளயே வந்து கூப்பிட்டேன்.”

“கூப்பிட்டு என்ன சொல்ல இருந்தே?”

“உரிமத் தேர்வு எழுதப் போறேன்னு சொல்ல இருந்தேன். நீ சிரிச்சியே, அந்தத் தேர்வு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “முதல்ல நீ திரும்பிப் பாக்கறியான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

பேக்கரிக்காரர் எழுந்தார். செட்டுக்குப் பக்கத்தில் போய், எதையோ தேடி, ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். “இது இடது கைக்காரங்களுக்கு. அமுக்கினா புள்ளியும் கோடும் பக்கம் மாறிடும்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் இத்தனை வருஷத்துல இதைத் தொட்டதே இல்ல.”

அமுக்கினார்.

*

அன்று சாயங்காலம் சங்கத்து அறை நிறைந்து வழிந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் லொடுக்குவும் கதவோரம் நின்றார்கள்.

“அவர் தங்கச்சி பேரைச் சொல்லிட்டா உரிமம் தப்பிச்சுடும்” என்று லொடுக்கு கிசுகிசுத்தான். “ஆனா அந்தப் பொண்ணுக்குத் தேர்வு போச்சு. சொல்லாட்டி இவருக்கு உரிமம் போச்சு. நீங்க என்ன அண்ணி சொல்லிக் குடுத்தீங்க?”

“ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.”

“அய்யய்யோ.”

பல் டாக்டர் மேஜையைத் தட்டினார். “நேரா கேக்கறேன். வானத்துல வந்த அந்தத் தட்டலுக்கு யார் காரணம்?”

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார்.

“நான்” என்றார்.

அறை கொல்லென்று சிரித்தது. ஜன்னல் திட்டில் இருந்த ஒருவர் கீழே விழப் பார்த்தார். “பாத்தீங்களா, மறுபடியும்!” என்றது ஒரு குரல்.

“முழுசாச் சொல்ல விடுங்க. செட்டு என்னோடது. உரிமம் என் பேர்ல இருக்கு. செட்டுலேர்ந்து எது போனாலும் பொறுப்பு என்னோடதுன்னு விதி இருக்கு. கதவைப் பூட்டாம வந்தது நான். கத்துக்கணும்னு ஆசைப்பட்டுக் கேட்ட ஆளைப் பாத்துச் சிரிச்சது நான். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா, அந்தக் கை முறையாத் தட்டியிருக்கும். உரிமம் வச்சிருக்கறவன் பக்கத்துல இருந்தா கத்துக்கறவங்க தட்டலாம்னு நம்ம சங்கத்துலயே விதி இருக்கு. நான் பக்கத்துல இல்ல. அது யார் கைன்னு நான் சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது. என்ன தண்டனையோ குடுங்க.”

அவர் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஊரையெல்லாம் வாயைத் திற வாயைத் திற என்று சொல்லும் டாக்டரின் வாய், யாரும் சொல்லாமல் தானாகத் திறந்துகொண்டது. “நீ இப்ப… தப்புன்னா சொன்னே?”

“ஆமா.”

“உன் தப்புன்னு?”

“ஆமா டாக்டர். எத்தனை தடவை கேப்பீங்க? எனக்கே புதுசா இருக்கு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் கை என்று விசாரிக்கவில்லை. கதவோரம் கிரீம் படிந்த விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற பெண்ணை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்.

“எச்சரிக்கையோட விட்டுடலாம்” என்றார். “புகார் போகாது. ஆனா ரூமுக்கு ஒரு பூட்டுப் போடணும். அப்புறம், பிற்பகல்ல நீ இங்க வரக் கூடாது. வீட்டுல, உன் செட்டுப் பக்கத்துல உக்காந்து, புதுசாக் கத்துக்கற கைக்குச் சொல்லிக் குடு. ஹெட்போன் இல்லாம.”

*

மறுநாள் பிற்பகல், உண்மையில் வேலையில்லாவிட்டாலும், லொடுக்கு வண்டியைச் சங்கத்துக்குத்தான் விட்டான். அண்ணியும் ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே நாற்காலியில் விட்டுவிட்டு மேலே ஓடிவந்திருந்தார்.

ரேடியோ கர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

“படி ஏறுறாங்க” என்றான் லொடுக்கு.

முதலில் வேகமாக, பழகிய கை, பேக்கரிக்காரரின் அடையாள எண்ணை முறையாகச் சொன்னது. பிறகு ஓர் இடைவெளி. கை மாறுகிற இடைவெளி. பிறகு தவழ்கிற குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக வந்தது.

டிடா. டாடி. டாடி. டிடா.

அட்டையைப் பார்க்காமல் லொடுக்கு கண்ணை மூடிக்கொண்டான். “ஏ… என்… என்… ஏ.” கண்ணைத் திறந்தான். “அண்ணி, காதாலயே கேட்டுட்டேன்!”

“ஷ்ஷ்.”

வானம் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு அந்தப் பழகிய கை, ஆனால் இப்போது அவசரமில்லாமல், அந்தக் குழந்தையின் வேகத்துக்கே தன்னைக் குறைத்துக்கொண்டு, பதில் தட்டியது.

டாடி. டிடா. டிடா. டாடி.

“நான்!” என்றான் லொடுக்கு. “மறுபடியும் ‘நான்’! டாக்டர், புகார் எழுதணுமா?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாராவது கூப்பிட்டா, ‘இதோ, நான் இருக்கேன்’னு திரும்பிப் பாத்துக் குரல் குடுப்போம் இல்ல?” என்றாள் அண்ணி, குடையை எடுத்துக்கொண்டே. “அந்த நான் இது.”